மங்கிய ஆதிரையும் மயங்கிய செய்தியும்

நூலுக்கு விமர்சனம் உண்டு. நாடகத்துக்கும் திரைப்படத்துக்கும் விமர்சனம் உண்டு. அறிவியல் செய்திக்கு மட்டும் ஏனோ விமர்சனம் எழுதுவாரில்லை. அச்சில் வந்தால் நம்பி விடுகிறோம். நடக்கவில்லை என்றால் மறந்து விடுகிறோம். ‘இதில் எது சரி, எங்கே பிசகியது?’ என்று கேட்பதில்லை. அப்படிக் கேட்க வேண்டிய ஒரு செய்தியை இங்கே எடுத்துக் கொள்வோம்.

2019 டிசம்பரில் தொடங்கி 2020 பிப்ரவரி வரை உலகெங்கும் ஒரு விண்மீனின் பெயர் அடிபட்டது. ‘திருவாதிரை மங்குகிறது, விரைவில் வெடித்துச் சிதறப் போகிறது’ என்பதே செய்தியின் சாரம். தமிழிலும் இச்செய்தி பரவியது. விண்மீன் வெடிக்கவில்லை. 2023-ல் அதே விண்மீன் வழக்கத்தைவிடப் பிரகாசமாயிற்று. உடனே, ‘இப்போது வெடிக்கப் போகிறது’ என்று மறுபடியும் செய்தி வந்தது. மங்கினாலும் வெடிக்கும், பொலிந்தாலும் வெடிக்கும் என்றால், படிக்கும் மாணவன் எதைத்தான் நம்புவான்?

ஆங்கிலம் நன்கறிந்தவர் ஐயம் வந்தால் மூலக்கட்டுரையைத் தேடிப் படித்துத் தெளியலாம். தமிழில் மட்டுமே படிக்கும் மாணவனுக்கோ அந்தத் தமிழ்ச் செய்திதான் மூலம். ஆகவே தமிழில் எழுதுபவருக்குப் பொறுப்பு இரட்டிப்பாகிறது.

எந்த விண்மீன் இது?

மார்கழியில் இரவு எட்டு மணிக்குக் கிழக்கே பாருங்கள். ஒரே கோட்டில் அடுத்தடுத்து மூன்று விண்மீன்கள் செங்குத்தாக நிற்கும். ஓரியன் என்னும் வேடனின் இடைக்கச்சை அது. அதற்கு இடப்பக்கம், அதாவது வடக்கே, சிவந்த ஒளியுடன் தெரிவதே நம் திருவாதிரை. மேனாட்டார் அதைப் பீட்டல்ஜூஸ் என்கிறார்கள். கச்சைக்கு வலப்பக்கம் நீலவெண்மையாய் ஒளிர்வது ரைஜெல்.

விருதுநகர் மாவட்டத்துப் பாலவனத்தம், அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக்கு இந்த விண்மீன் அயலானது அன்று. உத்தரகோசமங்கையின் ஆருத்ரா தரிசனத்துக்கு ஆண்டுதோறும் சென்று வருபவர்கள் அங்கே ஏராளம். பாலவனத்தம் ஏறத்தாழ 9½ பாகை வட அகலாங்கில் இருக்கிறது. ஆதிரையோ வான நடுக்கோட்டுக்கு 7½ பாகை வடக்கே உள்ளது. ஆகவே அவ்வூரில் அது அநேகமாகத் தலைக்கு நேர் மேலே, உச்சியிலிருந்து இரண்டு பாகையே விலகிக் கடந்து செல்லும். ஐரோப்பியருக்குத் தெற்கு வானில் சரிந்து தெரியும் இந்த விண்மீன் நமக்கு உச்சி விண்மீன். காற்றுமண்டலத்தின் தடிப்பு உச்சியில்தான் மிகக் குறைவு என்பதால், அதன் ஒளியை மதிப்பிட நம் ஊர் வாய்ப்பான இடம்.

செய்தியில் சரியானவை

குறை சொல்லுமுன் நிறையைச் சொல்லிவிடுவோம். ஆதிரை மங்கியது உண்மை. விண்மீன்களின் பொலிவை ‘ஒளிர்மை எண்’ கொண்டு குறிப்பர். எண் கூடினால் ஒளி குறைவு என்று பொருள். ஓர் எண் வேறுபாடு 2.512 மடங்கு ஒளி வேறுபாடு. ஐந்து எண் வேறுபாடு சரியாக நூறு மடங்கு. இந்த அளவை 1856-ல் வகுத்த நார்மன் போக்சன் பின்னர் 1861-ல் சென்னை வான் ஆய்வகத்தின் தலைவராக வந்தவர்.

ஆதிரையின் ஒளிர்மை எண் பெரும்பாலும் 0.5-ஐ ஒட்டி இருக்கும். 2020 பிப்ரவரி முதல் பாதியில் அது 1.6 ஆயிற்று. கணக்கிட்டுப் பாருங்கள்: வழக்கமான ஒளியில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றே கூடுதல்தான் எஞ்சியது. இது வியப்பான நிகழ்ச்சியே. அது என்றேனும் வெடிக்கும் என்பதும் உண்மை. சூரியனைப் போல் பதினைந்து மடங்குக்கும் மேல் பொருளுடன் பிறந்த விண்மீன் பெரும்பாலும் சூப்பர்நோவாவாக வெடித்தே முடியும் என்பது இன்று நிலைபெற்ற அறிவு. இவ்வளவும் சரி. இனிக் குறைகளுக்கு வருவோம்.

முதற் குறை: ‘விரைவில்’

வானியலாரின் ‘விரைவில்’ வேறு. நம் ‘விரைவில்’ வேறு. ‘பேருந்து விரைவில் வரும்’ என்றால் பத்து நிமிடம். ‘ஆதிரை விரைவில் வெடிக்கும்’ என்றால் ஒரு லட்சம் ஆண்டு! ஆதிரையின் வயது ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டு. அதன் முன்னே ஒரு லட்சம் ஆண்டு நூற்றில் ஒரு பங்கு. நூறு வயதுக் கிழவருக்கு ஓராண்டு மிச்சம் என்பது போன்ற கணக்கு இது. செய்தியில் ‘விரைவில்’ என்ற சொல் மட்டும் வந்தது. அதனுடன் வரவேண்டிய எண் உதிர்ந்து போயிற்று.

2023-ல் வந்த செய்திக்கு ஓர் ஆதாரம் இருந்தது. சில பத்தாண்டுகளிலேயே அது வெடிக்கலாம் என்று ஜப்பானிய ஆய்வாளர் ஒருவர் தலைமையில் ஒரு கட்டுரை வந்தது உண்மை. ஆனால் அக்கட்டுரையின் கணக்குப்படி ஆதிரையின் ஆரம் சூரியனைப் போல் ஆயிரம் மடங்குக்கும் மேல் இருக்க வேண்டும். நேரடி அளவீடுகளிலிருந்து கிடைப்பதோ ஏறத்தாழ 750 மடங்கு. எனவே மற்ற வானியலார் பலர் அதை ஏற்கவில்லை. முன்மொழிவைப் பெரிய எழுத்தில் போடுவது குற்றமில்லை. மறுப்பைச் சிறிய எழுத்திலாவது போட வேண்டாமா?

‘வெடித்தால் பூமி என்னாகும்?’ என்ற அச்சத்துக்கும் ஒரு வரியில் விடை உண்டு. ஆதிரையின் தொலைவு 550 முதல் 720 ஒளியாண்டு வரை பலவாறு மதிப்பிடப்படுகிறது. அங்கே நிகழும் வெடிப்பு சில மாதங்கள் பகலிலும் தெரியும். நமக்குத் தீங்கு செய்யாது.

இரண்டாம் குறை: விடை சொல்லாத வினா

2020 ஏப்ரலில் ஆதிரை பழைய ஒளிக்குத் திரும்பிவிட்டது. செய்தியும் அத்துடன் நின்றது. ஏன் மங்கியது என்ற கேள்விக்கு விடை கிடைத்தபோது, கேள்வியைப் பரப்பிய வேகத்தில் பத்தில் ஒரு பங்குகூட விடைக்குக் கிட்டவில்லை. அந்த விடையை இப்போது காண்போம்.

ஆதிரை ஒரு துடிக்கும் விண்மீன். அதாவது விரிந்து சுருங்கும் விண்மீன். உலைப்பானையின் மூடியை எண்ணிக் கொள்ளுங்கள். ஆவி சேர்ந்து மூடியைத் தூக்குகிறது. ஆவி வெளியேறியதும் மூடி விழுகிறது. மறுபடி ஆவி சேர்கிறது. விண்மீனிலும் அப்படியே. அதன் வெளி அடுக்கு அமுங்கும்போது, உள்ளிருந்து வரும் வெப்பத்தை அங்குள்ள ஹைட்ரஜன் வாயு தடுத்துத் தேக்குகிறது. தேங்கிய வெப்பம் அடுக்கை வெளியே தள்ளுகிறது. விரிந்து குளிர்ந்ததும் தடை தளர்ந்து வெப்பம் வெளியேறுகிறது. உடனே ஈர்ப்பு விசை அடுக்கை உள்ளே இழுக்கிறது. இந்த ‘மூடி’ விளக்கத்துக்கு அடிகோலியவர் ஆங்கில வானியலார் எடிங்டன்.

ஆதிரை ஒருமுறை விரிந்து சுருங்க ஏறத்தாழ 400 நாள் ஆகிறது. சூரியன் இருக்குமிடத்தில் அதை வைத்தால் செவ்வாயின் பாதையையும் விழுங்கிவிடும் அளவுள்ள பொருளுக்கு இது நீண்ட காலமன்று. இது தவிர ஆறு ஆண்டுக்குச் சற்றுக் குறைவான மற்றொரு நீண்ட சுற்றும் உண்டு. அதற்கு ஆதிரையை ஒட்டிச் சுழலும் சிறு துணை விண்மீன் ஒன்றே காரணம் என்று 2024-ல் கணித்தார்கள். ஹவாய்த் தீவிலுள்ள ஜெமினி வடக்குத் தொலைநோக்கியால் அத்துணையைக் கண்டதாக 2025 ஜூலையில் அறிவிப்பு வந்தது.

2020-ன் பெருமங்கலுக்கு இத்துடிப்பு மட்டும் காரணமன்று. ஆதிரையின் மேற்பரப்பிலிருந்து ஒரு பெரும் வாயுத்திரள் பிரிந்து வெளியே வீசப்பட்டது. மேற்பரப்பின் ஒரு பகுதி குளிர்ந்தது. வீசப்பட்ட வாயு குளிர்ந்து தூசாகி, நாம் பார்க்கும் திசையில் திரை போல் நின்றது. சிலி நாட்டின் பெருந்தொலைநோக்கி எடுத்த படங்களில் ஆதிரையின் தென்பாதி இருண்டு கிடந்தது தெளிவாகத் தெரிந்தது. இவ்விளக்கம் 2021 ஜூனில் ‘நேச்சர்’ இதழில் வெளியாயிற்று. ஹபிள் தொலைநோக்கி கண்டவையும் இதற்குத் துணை நின்றன. ஆக, 2020-ல் நாம் கண்டது மரணமன்று. ஒரு பெரிய தும்மல் எனலாம்!

மூன்றாம் குறை: சொற்குழப்பம்

இக்குறைக்குச் செய்தியாளரைவிட நாமே, அதாவது தமிழில் அறிவியல் எழுதுவோரே, பொறுப்பு. விரிந்து சுருங்கும் விண்மீனைத் ‘துடிக்கும் விண்மீன்’ என்கிறோம். பல்சார் என்பதையும் ‘துடிவிண்மீன்’, ‘துடிப்பு விண்மீன்’ என்றெல்லாம் எழுதுகிறோம். இரண்டும் ஒன்றென்று மாணவன் எண்ணினால் அவன்மேல் குற்றமில்லை.

உண்மையில் பல்சார் துடிப்பதே இல்லை. ஜோசலின் பெல் 1967-ல் முதன்முதலாகக் கண்ட அது, வெடித்து முடிந்த விண்மீனின் எச்சம். ஒரு நகரளவே குறுக்குள்ள அந்த உருண்டை வேகமாகச் சுழல்கிறது. கலங்கரை விளக்கின் ஒளி போல அதன் கதிர் நம்மைத் தொட்டுத் தொட்டுப் போவதால் துடிப்பது போல் தோன்றுகிறது. ஆதிரையோ உண்மையிலேயே விம்மித் தணிகிறது. எனவே ‘பல்சார்’ என்பதைப் ‘பல்சார்’ என்றே எழுதி, ‘துடிக்கும் விண்மீன்’ என்பதை ஆதிரை இனத்துக்கே ஒதுக்கிவிடலாம். தூய தமிழ்ச் சொல் வேண்டுமென்று குழப்பத்தை விலைக்கு வாங்க வேண்டியதில்லை.

ஆதிரை இனத்தில் வேறு பலவும் கண்ணுக்குத் தெரியும். 1596-ல் ஃபாப்ரிசியஸ் கவனித்த மிரா, ஏறத்தாழ 332 நாளுக்கு ஒருமுறை நன்றாகப் பொலிந்து, பின் பல மாதம் வெறுங்கண்ணுக்குத் தெரியாமலே மறையும். செபியஸ் மண்டலத்து டெல்டா விண்மீன் 5 நாள் 9 மணியில் ஒரு சுற்றை முடிக்கும். நிலைத்து நிற்பதற்கே உவமையாகச் சொல்லப்படும் துருவ விண்மீனும் நான்கு நாளுக்கு ஒருமுறை மிகச் சிறிதளவு துடிப்பதே!

நான்காம் குறை: மறுபக்கப் பெருமை

அச்சமூட்டிய செய்திகளுக்கு எதிரே பெருமையூட்டும் பேச்சும் கிளம்பியது. ‘ஆதிரை சிவந்தது என்று நம் முன்னோர் அன்றே சொன்னார்கள், ஆகவே அதன் மாற்றமும் முடிவும் அவர்களுக்குத் தெரியும்’ என்பது அது. சிவப்பைக் கண்டது உண்மை. கண்ணிருந்தவர் எல்லாரும் கண்டார்கள். ஆனால் நிறத்தைக் காண்பது வேறு. ஒளி மாறுவதை நாள் குறித்து எழுதி வைப்பது வேறு. இன்ன நாளில் ரோகிணியைவிட ஆதிரை மங்கியிருந்தது என்று ஒரு வரி கிடைத்தால் அது அறிவியலுக்குப் பொன். அப்படி ஒரு வரியைக் காட்டாமல் பெருமை கொண்டாடுவது முன்னோருக்கும் மரியாதையன்று. ஆதிரையின் ஒளி மாறுவதை அளந்து பதிவு செய்தவர் ஜான் ஹெர்ஷல். 1836-ல் கவனித்து 1840-ல் வெளியிட்டார்.

பெருமை கொள்ளத்தான் வேண்டுமென்றால் நமக்கு மெய்யான ஆதாரத்தோடு ஒருவர் இருக்கிறார். சென்னை வான் ஆய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-ல் ரெட்டிகுலம் மண்டலத்து ‘ஆர்’ என்னும் விண்மீனின் ஒளி மாறுவதைக் கண்டுபிடித்தார். அதுவும் மிராவைப் போன்ற துடிக்கும் விண்மீனே. ஆனால் தொலைநோக்கியின்றிப் பார்ப்பது அரிது. 1872-ல் இங்கிலாந்தின் ராயல் வானியல் கழகம் அவரை உறுப்பினராக்கியது. பழைய வாய்பாட்டை நம்பாமல் வானை நேரில் பார்த்துக் கணிக்கும் திருக்கணிதப் பஞ்சாங்கத்துக்காக வாதாடியவரும் அவரே. வெள்ளி கிரகம் சூரியனைக் கடந்த 1874-ஆம் ஆண்டு நிகழ்ச்சியைப் பற்றி மக்களுக்குப் புரியும்படி நூல் எழுதினார். பார், எழுது, பிறருக்குச் சொல்: இம்மூன்றையும் செய்து காட்டியவர் அவர்.

அதே 1867-ல் பிறந்தவர் பாலவனத்தம் ஜமீன்தார் பொ. பாண்டித்துரைத் தேவர். 1901-ல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவியவர். எதுகை மோனை சரியில்லை என்று கருதி வெள்ளையர் ஒருவர் திருக்குறளைத் ‘திருத்தி’ அச்சிட்டார் என்றும், தேவர் அப்பிரதிகள் அனைத்தையும் விலை கொடுத்து வாங்கி அழித்தார் என்றும் ஒரு வரலாறு சொல்வதுண்டு. நூலின் பாடத்தில் ஓர் எழுத்து பிசகினாலும் பொறுக்காத மரபு நம்முடையது. அந்தக் கறாரில் பாதியையாவது அறிவியல் செய்தியின் பாடத்திலும் காட்டக் கூடாதா? இங்கே எதையும் வாங்கி எரிக்க வேண்டியதில்லை. மூல ஏடு நம் தலைக்கு மேலேயே விரிந்து கிடக்கிறது. ஒப்பிட்டுப் பார்த்தால் போதும்.

ஐந்தாம் குறை: ‘பாருங்கள்’ என்று சொல்லாதது

எல்லாவற்றிலும் பெரிய குறை இதுவே. வாசகனை வியக்கச் சொன்ன செய்திகளில் மிகப் பல, வெளியே போய்ப் பார்க்கச் சொல்லவில்லை. 2020 பிப்ரவரியில் வேடனின் இரண்டு தோள்களும், அதாவது ஆதிரையும் பெல்லாட்ரிக்ஸும், ஒரே ஒளியில் இருந்தன. வழக்கமாக ஆதிரை அதைவிட இரண்டரை மடங்குக்கும் மேல் பிரகாசமானது. பாலவனத்தத்தில் களத்து மேட்டில் காவலுக்குப் படுத்திருந்த எவரும் கருவி ஏதுமின்றிச் சரிபார்த்திருக்கக் கூடிய செய்தி அது. அந்த ஒரு வாக்கியத்தை எழுதியிருந்தால், எத்தனையோ மாணவர்கள் செய்தியின் வாசகராக இராமல் சாட்சிகளாக ஆகியிருப்பார்கள்.

‘நம் கண்ணுக்கு அவ்வளவு மதிப்பா?’ என்று கேட்பீர்கள். வங்கத்து ஜெசூரில் ராதாகோவிந்த சந்திரர் (1878-1975) என்றொருவர் இருந்தார். பள்ளி நுழைவுத் தேர்வில் மூன்று முறை தோற்றவர்; அரசுக் கருவூலத்தில் சிறு ஊழியர். அவர் மாறொளிர் விண்மீன்களை இரவிரவாகப் பார்த்து, 37,000-க்கும் மேற்பட்ட மதிப்பீடுகளை அமெரிக்க மாறொளிர் விண்மீன் நோக்கர் கழகத்துக்கு அனுப்பினார். அக்கழகம் மனமுவந்து அவருக்கு ஆறு அங்குலத் தொலைநோக்கி ஒன்றை இரவல் கொடுத்தது. அக்கருவி பின்னாளில் நம் தமிழ்நாட்டுக் காவலூருக்கு வந்து சேர்ந்தது. 1911-ல் தொடங்கிய அக்கழகம் இன்றும் உலகெங்குமுள்ள ஆர்வலரின் மதிப்பீடுகளை ஏற்கிறது. ஆதிரையைப் பற்றிய நீண்டகால அறிவில் பெரும்பகுதி இத்தகையோர் கண்ணால் வந்ததே.

நீங்களே மதிப்பிடலாம்

இம்முறையைத் தெரிந்து கொள்ளுங்கள். ஒப்பிட உதவும் விண்மீன்களும் அவற்றின் ஒளிர்மை எண்ணும் இவை: ரைஜெல் 0.1, சிறுநாய் மண்டலத்துப் புரோசியான் 0.3, ரோகிணி 0.9, புனர்பூசத்தின் போலக்ஸ் 1.1, பெல்லாட்ரிக்ஸ் 1.6. ஆதிரையைவிடச் சற்றுப் பிரகாசமான ஒன்றையும் சற்று மங்கலான ஒன்றையும் தேர்ந்தெடுங்கள். புரோசியானுக்கும் ரோகிணிக்கும் சரி நடுவே ஆதிரை இருப்பதாகத் தோன்றினால் அதன் எண் 0.6. ரோகிணியை நெருங்கியிருந்தால் 0.7 அல்லது 0.8.

நான்கு எச்சரிக்கைகள்: முதலாவது, சிவந்த விண்மீனை உற்று நோக்கிக் கொண்டே இருந்தால் அது உள்ளதைவிடப் பிரகாசமாகத் தோன்றும்; சட்டென்று பார்த்துப் பார்வையை விலக்குங்கள். இரண்டாவது, ஏறத்தாழ ஒரே உயரத்தில் உள்ளவற்றையே ஒப்பிடுங்கள். அடிவானத்துக்கு அருகே எல்லாம் மங்கும். மூன்றாவது, நிலவும் தெருவிளக்கும் இல்லாத இடம் நல்லது. நான்காவது, நாள், மணி, எண் மூன்றையும் உடனே எழுதுங்கள். பிறர் மதிப்பீட்டைப் படிக்குமுன் எழுதுங்கள். எதிர்பார்த்தது வராவிட்டால் அடித்துத் திருத்தாதீர்கள். ஒத்து வராத எண்தான் பல சமயம் புதுச் செய்தி.

கார்த்திகை, மார்கழியில் மழைமேகம் இடைமறிக்கும். தை பிறந்தால் கரிசல் காட்டு வானம் தெளிந்துவிடும். தை, மாசி, பங்குனி மூன்று மாதமும் மாலை வேளையிலேயே ஆதிரை உயரத்தில் நிற்கும். வாரத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். வைகாசிக்கு மேல் அது சூரியனோடு சேர்ந்து மறைந்துவிடும். ஆவணியில் விடியற்காலைக் கிழக்கில் மறுபடி தெரியும். ஒரு மாணவர் இரண்டு மூன்று ஆண்டு விடாமல் எழுதினால், அந்த 400 நாள் ஏற்ற இறக்கம் அவர் நோட்டுப் புத்தகத்திலேயே மெல்ல உருவெடுக்கும்.

ஆதிரை மறுபடியும் மங்கும், மறுபடியும் பொலியும். அப்போதெல்லாம் ‘வெடிக்கப் போகிறது’ என்ற செய்தியும் தவறாமல் வரும். அந்தச் செய்தியை மூன்று கேள்விகளால் உரசிப் பாருங்கள்: ‘விரைவில்’ என்றால் எத்தனை ஆண்டு? மறுத்தவர் யார், ஏன்? நான் சரிபார்க்க என்ன வழி சொல்லப்பட்டிருக்கிறது? மூன்றாவது கேள்விக்கு விடை இல்லாத செய்தி பாதிச் செய்தியே. மீதிப் பாதியை நிரப்ப உங்களிடம் இரண்டு கண்ணும் ஒரு நோட்டும் உண்டு.